ஈட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்!

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேக்கா சந்தை, சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில், பூக்கடை, நகைக்கடை, முஸ்தபா என்று வரிசையாகச் சொல்லுவார்கள். வாங்கி வந்த சேலையை எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஊரில் ஆறு ஓடுகிறது, அது கடலில் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது என்று எவராவது சொல்லுவாரா? சொல்லமாட்டார். தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, கூப்பிடு தூரத்தில் ஓர் ஆற்றின் கிளை ஓடிக்கொண்டிருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

இந்த முறை உங்களை அந்தத் தண்ணீரின் பின்னாலேயே அழைத்துப் போகப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது பாலம் தாண்டிப் போய் வேலை பார்க்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றில் விளையாடி வளர்ந்தவர்கள் அவர்கள். குடைக்கம்பியைக் கல்லில் தீட்டி, மூங்கில் கழியில் கட்டி, இரவில் டார்ச் விளக்கு அடித்து விரால் குத்தியவர்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ரப்பர் பட்டையால் விசை வைத்துத் தண்ணீருக்கு அடியில் எய்கிற ஈட்டியும் வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் ஆசை வரத்தானே செய்யும்! ‘அங்கேயும் ஆறு இருக்கிறது, கடல் இருக்கிறது, இரண்டும் சேருகிற இடத்தில் மீனுக்குக் குறைவா?’ என்று பையில் ஈட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினால், இங்கே பொழுதுபோக்காக இருந்தது அங்கே போலீஸ் விவகாரமாகிவிடும். வேலை அனுமதியோடு இருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தேக்காவிலிருந்தே புறப்படுவோம்.

தேக்கா என்ற பெயரே தண்ணீர்க்கரைப் பெயர்தான். ஹொக்கியன் சீன மொழியில் சிறுமூங்கிலின் அடி என்று அதற்குப் பொருள். ரோச்சோர் கால்வாயின் கரையில் மூங்கில் வளர்ந்து கிடந்த காலத்தில் வந்த பெயர். பக்கத்தில் உள்ள கண்டாங் கெர்பாவுக்கு எருமைத் தொழுவம் என்று பொருள்; மலாய் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எருமைச் சாலை இன்றைக்கும் அங்கே இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், புல் வேண்டும், புரளச் சேறு வேண்டும். மூன்றும் அந்தக் கால்வாய்க் கரையில் கிடைத்தன. அதனால் மாடு வளர்த்தவர்களும் மாட்டு வியாபாரிகளும் அங்கே குடியேறினார்கள். அவர்களோடு நம் மக்களும் வந்து சேர்ந்தார்கள். இன்று லிட்டில் இந்தியா என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிற இடத்தின் கதை தண்ணீரில்தான் தொடங்குகிறது. இப்போதுள்ள தேக்கா நிலையம் 1982-ல் திறக்கப்பட்டது. முதலில் சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், மக்கள் வாயில் தேக்காதான் நின்றது. கடைசியில் 2000-ல் பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த ரோச்சோர் கால்வாய்த் தண்ணீர் எங்கே போகிறது? கிழக்கே போய் ரோச்சோர் ஆறாகி, காலாங் படுகையில் விழுகிறது. நீங்கள் சிராங்கூன் சாலையிலேயே வடக்கே நடந்தால், பெருமாள் கோயிலைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் ஒரு பாலம் வரும். அடியில் ஓடுவது காலாங் ஆறு. சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு அது. நீளம் என்றால் நம் பேராக் ஆறு, பகாங் ஆறு மாதிரி எண்ணிவிடாதீர்கள். மொத்தமே 10 கிலோமீட்டர்தான்! அதுவும் அதே காலாங் படுகைக்குத்தான் வருகிறது. கேலாங் ஆறும், சிங்கப்பூர் ஆறும், ஸ்டாம்ஃபோர்டு கால்வாயும் சுற்றி வளைத்து அந்தப் பக்கமே வந்து சேருகின்றன. ஐந்து நீரோட்டமும் ஒன்றாகி, மரினா கால்வாய் வழியாகக் கடலுக்குப் போவதுதான் பழைய ஏற்பாடு.

ஆறு கடலில் சேரும் இடத்தைக் கழிமுகம் என்கிறோம், முகத்துவாரம் என்கிறோம். மலாயில் ‘கோலா’. கோலா சிலாங்கூர், கோலா மூடா என்று நம் நாட்டு வரைபடத்தில் எத்தனை கோலாக்கள்! கோலாலம்பூரில் கடலே கிடையாது. இரண்டு ஆறு கூடுகிற இடத்தையும் மலாயில் அப்படித்தான் சொல்லுவார்கள். இந்தக் கோலாக்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறு எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கியது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. அலை ஏறும் நேரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும்; இறங்கும் நேரத்தில் ஆறு வெளியே போகும். மேலே நல்ல தண்ணீர் ஓட, கனமான உப்புத் தண்ணீர் அடியில் தங்கி நிற்கும். மழைக்காலத்தில் ஒரு கதை, வெயில் காலத்தில் ஒரு கதை.

சிங்கப்பூரில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் கிடையாது. கோட்டைக் கிழித்துவிட்டார்கள், அதுவும் இரும்பிலும் காங்கிரீட்டிலும்!

மரினா அணைக்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் நான் சொல்வது புரியும். 2008-ல் திறக்கப்பட்ட அந்த அணை, 350 மீட்டர் அகலமான மரினா கால்வாயைக் குறுக்கே மறித்து நிற்கிறது. ஒன்பது எஃகுக் கதவுகள். ஒவ்வொன்றும் சுமார் 30 மீட்டர் அகலம். பெருமழை பெய்து உள்ளே தண்ணீர் ஏறும்போது கடல் தாழ்ந்திருந்தால், கதவை இறக்கித் தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிடுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் கதவைத் திறக்க முடியாது. திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு ராட்சதப் பம்புகள் ஓடி, தண்ணீரை இறைத்து வெளியே கொட்டும். தேக்கா, சைனாடவுன் போன்ற தாழ்வான பகுதிகளில் மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்லுவார்கள். அந்தத் தொல்லையைக் குறைப்பதும் இந்த அணையின் வேலை.

ஆனால் முதல் வேலை வேறு. கடலை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே விழும் மழைத் தண்ணீரைக் குடிக்கச் சேமிப்பது. அணை கட்டியதும் உள்ளே அகப்பட்டுக்கொண்டது என்னவோ உப்புத் தண்ணீர்தான். அதை யாரும் காய்ச்சி இறக்கவில்லை. மழை பெய்யப் பெய்ய நல்ல தண்ணீர் வந்து கலந்தது. கதவு வழியாக உப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. 2010 நவம்பரில் முழு நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். சிங்கப்பூர்த் தீவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை அங்கே வந்து சேருகிறது. அதாவது, தேக்காவில் ஒரு கடைக்காரர் வாசலில் கொட்டுகிற தண்ணீர், தெருச் சாக்கடை, ரோச்சோர் கால்வாய், காலாங் படுகை என்று போய், சுத்திகரித்த பின் குழாயில் வரக்கூடிய தண்ணீரோடு சேருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடி விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இந்த ஊருக்குத் தண்ணீர்மேல் ஏன் இவ்வளவு கவலை என்று ஜோகூர்க்காரர்களுக்குத் தெரியும். பாலத்தை ஒட்டிப் போகும் பெருங்குழாய்களைப் பார்த்தவர்கள் அவர்கள். ஜோகூர் ஆற்றுத் தண்ணீரை எடுக்க 1962-ல் போட்ட ஒப்பந்தம் 2061 வரைதான். அதற்குள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கழிமுகமாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். 1975-ல் கிராஞ்சி, பாண்டான், 1980-களில் மேற்குக் கரை ஆறுகள், சிலேத்தார், 2008-ல் மரினா, 2011-ல் பொங்கோலும் சிராங்கூனும். நம் தேக்காவிலிருந்து புறப்படுகிற சிராங்கூன் சாலை, மேல் சிராங்கூன் சாலையாகி, ஒரு காலத்தில் கங்கார் என்ற மீனவர் கிராமத்தில் போய் முடிந்தது. மீன் ஏலம் போட்ட இடம் அது. அந்தக் கிராமமும் இல்லை, அந்த ஆற்று வாயும் இல்லை; இரண்டுக்கும் பதிலாக நீர்த்தேக்கமும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

இங்கே ஓர் ஆச்சரியமான செய்தி சொல்ல வேண்டும். இந்த ஆறுகளைச் சுத்தம் செய்யக் கிளம்பியபோது, மீன் பிடிப்பதைத்தான் அளவுகோலாக வைத்தார்கள்!

சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிய படகுகளில் பெரும்பாலானவற்றை ஓட்டியவர்கள் சூலியாக்கள், நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். அப்புறம் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. படகும் கிட்டங்கியும் பெருகப் பெருக, கரையோரக் குடிசை, பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, தெருக்கடை எல்லாவற்றின் கழிவும் ஆற்றில். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கரையில் நடக்கலாம். 1977 பிப்ரவரியில் மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ பேசும்போது, பத்து ஆண்டுக்குள் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் மீன் பிடிக்கும்படி ஆக வேண்டும் என்று சொன்னார். சொன்னபடி 1987-ல் வேலை முடிந்தது.

எப்படி முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுமார் 26,000 குடும்பங்களை இடம் மாற்றினார்கள். காலாங் பகுதியில் மட்டும் 610 பன்றிப் பண்ணை, 500 வாத்துப் பண்ணை மூடப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருக்கடைக்காரர்களைச் சந்தைகளுக்கும் உணவங்காடி நிலையங்களுக்கும் கொண்டுபோனார்கள். தலைமுறை தலைமுறையாக ஆற்றில் கிடந்த சரக்குப் படகுகள் 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போக வேண்டியதாயிற்று. சுத்தமான ஆற்றைப் பார்த்து வாய் பிளக்கிறோம். அதற்காக எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று நினைப்பதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தைக் காலி செய்த நம்மவர்களுக்கு அந்த வலி என்னவென்று தெரியும்.

சரி, அப்படிச் சுத்தம் செய்த ஆற்றில் மீன் பிடிக்கலாமா? பிடிக்கலாம். தூண்டிலால், குறித்த இடத்தில், குறித்த முறையில்.

அணைக்கு உள்பக்கம் உள்ள தண்ணீர் எல்லாம் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு. எந்தெந்தக் கரையில் தூண்டில் போடலாம் என்று அவர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். வலை கூடாது, பொறிக்கூடு கூடாது. மண்புழு, இறால், பிசைந்த மாவு எதையும் தூண்டிலில் கோக்கக் கூடாது; செயற்கை இரை மட்டும்தான். ‘புழுவைப் போட்டால் என்ன கெட்டுவிடும்?’ என்று நம் ஆட்கள் கேட்பார்கள். ஓர் ஆள் போட்டால் ஒன்றும் கெடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆயிரம் பேர் போட்டுவிட்டு மிச்சத்தையும் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போனால்? குடிக்கிற தண்ணீர் ஐயா அது. விதியை மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இன்னொன்று: வேண்டுதல், புண்ணியம் என்று கடையில் வாங்கிய மீனையோ ஆமையையோ அங்கே கொண்டுபோய் விடுவதும் குற்றம். வெளியூர் மீன் உள்ளே போய்ப் பெருகினால் உள்ளூர் மீனைத் தின்று தீர்த்துவிடும். அந்தத் தேக்கங்களில் இன்று தூண்டில்காரர்கள் ஆசையோடு தேடும் மயில் கெண்டையே தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த மீன்தான்.

இப்போது ஈட்டிக்கு வருவோம்.

சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு ஈட்டி என்பது மீன்பிடிச் சாமான் ஆவதற்கு முன்னால் ஓர் ஆயுதம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்த ஆயுதங்கள், வெடிபொருள்கள் சட்டத்தில் வாள், குத்துவாள் இவற்றோடு ஈட்டியையும் ஈட்டி முனையையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதங்களுக்கான புதிய சட்டம் ஒன்று 2021-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாட்டுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு உள்ள பொருள்கள் என்று குடிநுழைவுச் சாவடியில் சொல்லப்படும் பட்டியலில் கிரிஸ், ஈட்டி, வாள் மூன்றும் ஒரே வரியில் வருகின்றன. மூன்றுக்கும் காவல்துறையின் அனுமதி வேண்டும். விசை வைத்து எய்கிற ஈட்டித் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ‘இது மீனுக்கு’ என்று உட்லண்ட்ஸ் சாவடியில் நின்று விளக்கம் சொல்லி எந்தப் பயனும் இல்லை. கடையில் வாங்கியதோ, வீட்டில் குடைக்கம்பியால் செய்ததோ, பையில் வேண்டாம். தேவை உண்மையாகவே இருந்தால், புறப்படுவதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். சாவடியில் போய்க் கேட்காதீர்கள்.

‘அணைக்கு வெளிப்பக்கம் கடல்தானே, அங்கே யார் கேட்பார்கள்?’ என்பது அடுத்த கேள்வி. கடற்கரையில் தூண்டில் போட ஏராளமான இடம் உண்டு. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உள்ள பெடோக் படகுத்துறை தூண்டில்காரர்களிடம் பெயர் வாங்கிய இடம். ஆனால் ஆயுதச் சட்டம் அணைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாறுவதில்லை. தெற்கே சிஸ்டர்ஸ் தீவுகளில் 2014-ல் கடல் பூங்கா அறிவித்தார்கள். அங்கே மீன் பிடிக்கவே கூடாது. அதோடு, உலகத்திலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்களில் ஒன்று அது. கலங்கல் தண்ணீரில் முகமூடி போட்டு மூழ்கியவன் எங்கே தலை தூக்குவான் என்று மேலே வரும் விசைப்படகுக்காரனுக்குத் தெரியாது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கழிமுகத்தில் ஈட்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வேறு காரணமும் இருக்கிறது. அதற்குக் கொடுவா மீனின் கதையைக் கேளுங்கள். நீங்கள் ‘சியாக்காப்’ என்று வாங்கிக் குழம்பு வைக்கிறீர்களே, அதுதான். தேக்கா சந்தையில் பனிக்கட்டிமேல் வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். இப்போது அதில் பெரும்பாலானது கூண்டுப் பண்ணையில் வளர்ந்தது. காட்டு மீனாக அது வாழும் விதம் விசித்திரமானது. முட்டையிடுவது உப்புத் தண்ணீரில், கழிமுகத்துப் பக்கம். குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறி வளரும். வயது வந்ததும் மறுபடியும் முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். இன்னும் கேளுங்கள்: முதலில் எல்லாம் ஆணாகவே பருவமடைகிறது, சில ஆண்டு கழித்து, நன்றாகப் பெருத்த பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. ஆகவே கழிமுகத்தில் உள்ள பெரிய கொடுவா என்றால் அது பெரும்பாலும் தாய்.

ஈட்டி பிடித்தவன் எந்த மீனைக் குத்துவான்? கண்ணுக்குப் பெரியதாகத் தெரிவதைத்தானே! தூண்டிலில் அகப்பட்டதைப் பார்த்து, சின்னது என்றால் கழற்றி விடலாம், சினை மீன் என்றால் திருப்பி விடலாம். குத்திய மீனைத் திருப்பி விட முடியுமா? அதுவும் ஆறு கடலில் கலக்கும் இடம், மேலே போகும் மீனும் கீழே வரும் மீனும் கட்டாயம் கடக்க வேண்டிய ஒற்றை வாசல். கோயில் திருவிழா முடிந்து எல்லோரும் ஒரே வாசலில் வெளியே வருகிற மாதிரி. அங்கே கையில் ஈட்டியோடு ஒருவன் நின்றால், ஆறு முழுவதற்கும் அவனே எமன்.

ஊடாங் காலாவும் இப்படித்தான். ஆற்றில் நீங்கள் பிடிக்கும் அந்த நீலக்கால் பெரிய இறால், குஞ்சாக இருக்கும்போது உவர்த் தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காது. சினை இறால் கீழே இறங்கி வந்து கழிமுகத்தில் பொரிக்கும். குஞ்சுகள் பிறகு மேலேறும். சிங்கப்பூர்க்காரர்கள் அணை போட்டபோது இந்த மாதிரிப் போக்குவரத்தெல்லாம் நின்றது. குடிதண்ணீருக்காகச் செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் இறாலுக்கு அது இழப்புத்தான். நம் பக்கத்தில் ஆறுகள் இன்னும் திறந்து கிடக்கின்றன.

நன்னீரில் ஈட்டி கூடாது என்பது சிங்கப்பூரின் தனி வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1975-ல் வந்த மீன் சட்டம், ஆற்று மீனை ஈட்டியால் குத்துவதைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கடலில் ஈட்டிக்கு இடம் உண்டு, உள்நாட்டு ஆறுகளில் கிடையாது. பல நாடுகளில் அப்படித்தான்: கடலில் விட்டுக்கொடுத்தாலும் ஆற்றில் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். வம்பெல்லாம் இரண்டும் கலக்கிற இடத்தில்தான் வருகிறது.

காலாங் ஆற்று வாயில் முதலில் மீன் குத்தியவர்கள் யார் தெரியுமா? 1819-ல் ராஃபிள்ஸ் வந்து இறங்குவதற்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்தது. ஓராங் காலாங் என்று பெயர். அந்தத் தீவில் அன்றைக்கு இருந்த சுமார் ஆயிரம் பேரில் ஐந்நூறு பேர் அவர்கள்தாம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். படகில் பிறந்து படகில் சாகும் இந்தக் கடல் மக்களுக்கு, மூன்று முள் வைத்த ‘செரம்பாங்’ ஈட்டி கையின் நீட்சி மாதிரி. துறைமுகம் வந்தது, தெமெங்கோங் அவர்களை ஜோகூரின் பூலாய் ஆற்றுக்குக் கொண்டுபோனார். 1847 வாக்கில் அம்மை நோய் வந்து பெரும்பாலோரை வாரிக்கொண்டு போய்விட்டது. அவர்களுடைய பெயரை ஆறு மட்டும் சுமந்துகொண்டிருக்கிறது. அவர்களைப் போன்ற இன்னொரு கூட்டமான ஓராங் சிலேத்தார், இன்றும் ஜோகூர் நீரிணைக் கரையோரத்தில் வாழ்கிறார்கள்.

நீரிணை என்றதும் ஒரு யோசனை சொல்லுகிறேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால், மரினாவோடு நின்றுவிடாமல் கிராஞ்சி அணைக்கும் போய் வாருங்கள். கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம்தான். அணைமேல் நின்றால் ஒரு கைப்பக்கம் நீர்த்தேக்கம், மறு கைப்பக்கம் உப்புக் கடல். நடுவில் சாலை, அவ்வளவுதான். நன்னீர்ப் பக்கம் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். உப்புப் பக்கம் சேறும் கண்டல் மரமும். சற்று நடந்தால் சுங்கை பூலோ சதுப்பு நிலக் காடு. 2002 முதல் அது இயற்கை வனப் பாதுகாப்புப் பகுதி; அங்கே மீன் பிடித்தால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதச் சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். முதலை ஜாக்கிரதை என்று பலகை பார்ப்பீர்கள். அது பூச்சாண்டி இல்லை. உப்புநீர் முதலைகள் அங்கே உண்மையாகவே நீந்துகின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் பாலத்தின்மேல் பத்திரமாக நின்றபடியே ஒன்றைப் பார்க்கலாம். ஈட்டியோடு அந்தச் சேற்றுத் தண்ணீரில் இறங்குகிறவன் எதைக் குத்தப் போகிறான், எது அவனைப் பிடிக்கப் போகிறது என்பதை முதலைதான் சொல்ல வேண்டும்!

அங்கே நின்று எதிரே பார்த்தால் ஜோகூர்க் கரை தெரியும். அந்தக் கரையில் விதி என்ன என்றும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நம்மில் பலர் மீன் பிடிப்பது அந்தப் பக்கத்தில்தான்.

மலேசியாவில் இரும்புக் கதவு இல்லாவிட்டாலும், காகிதத்தில் கோடு இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையைப் பிரித்துப் பாருங்கள். கடல் மீன்பிடியும் கழிமுக மீன்பிடியும் கூட்டரசின் பட்டியலில் இருக்கின்றன. ஆற்று மீன்பிடி மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆமையும் மாநிலத்துக்குத்தான்! ஆமைக்கு அரசமைப்புச் சட்டத்தில் இடம் கொடுத்த நாடு நம்முடையது. ஆக, ஒரே ஆற்றில் மேலே நிற்கிறவன் மாநில விதிக்குக் கட்டுப்பட்டவன். அதே ஆற்றோடு கீழே நடந்து முகத்துவாரத்துக்கு வந்துவிட்டால் கூட்டரசு விதி. மாநிலத்துக்கு மாநிலம் ஆற்று விதியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. பேராக்கில் பார்த்ததை வைத்துக்கொண்டு ஜோகூரில் வாதாட முடியாது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி வைப்பதையும், நஞ்சு கலப்பதையும், மின்சாரம் பாய்ச்சுவதையும் தடுக்கிறது. தோட்டத்து ஆற்றில் துபா வேரை இடித்துக் கலந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடல் பூங்காவாக அறிவித்த தீவுகளைச் சுற்றி மீன் பிடிக்கவே கூடாது. ஈட்டிக்கும் அங்கே வேலை இல்லை.

ஈட்டியைப் பற்றி உங்கள் வட்டாரத்தில் என்ன விதி என்று தெரியவேண்டுமானால், காப்பிக்கடைப் பேச்சை நம்பாமல் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கேட்கும்போது ஆற்றின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தக் கம்பத்துக்குப் பக்கம், எந்தப் பாலத்துக்கு மேலேயா கீழேயா, அலை ஏறும்போது உப்புத் தண்ணீர் அங்கே வருமா வராதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த அரசாங்கத்தின் விதி என்பது அதை வைத்துத்தான் தெரியும்.